மச்சானுடன் தொழில் தொடங்குகிறவருக்கு: எந்தக் காகிதம் முதலில்?

கேள்வி இதுதான். அவினாசியைச் சேர்ந்த ஒருவர், திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருந்தவர், மனைவியின் அண்ணனோடு சேர்ந்து சொந்தப் பெயரில் டி-சர்ட் தைத்து, பிரிண்ட் போட்டு விற்கப் போகிறார். மச்சான் 12 லட்சம் போடுகிறார், இவர் 4 லட்சம். முழுநேரமும் நின்று வேலை பார்ப்பவர் இவர்தான். மாமனார் தோட்டத்தில் ஷெட். மாமனாரே 5 லட்சம் ரொக்கமாகக் கைமாற்றும் தருகிறார். திருப்பூர் காதர்பேட்டைச் சந்தை வியாபாரிகளுக்குக் கடனிலும், இணையத்தில் நேரடியாகவும் விற்பனை. பிரைவேட் லிமிடெட் போடலாமா, என்னென்ன லைசென்ஸ் வேண்டும், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டால் சொந்தத்துக்குள் மனக்கசப்பு வந்துவிடாதா என்று கேட்கிறார்.

மூன்றாவது கேள்வியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்ற இரண்டும் அதற்குப் பிறகுதான். ஜிஎஸ்டி எண்ணை வங்கியும் சரக்கு வாங்கும் பார்ட்டியும் கேட்பார்கள். மின் இணைப்புக்கு வாரியம் ஆவணம் கேட்கும். கேட்கப்படும் காகிதத்தை எப்படியும் வாங்கிவிடுவீர்கள். வணிக வழக்குகளில் நான் மறுபடியும் மறுபடியும் பார்ப்பது, யாரும் கேட்காததால் போடாமல் விட்ட காகிதங்களால் முறிந்த தொழில்களை. கூட்டு ஒப்பந்தம், அதன் பதிவு, ஷெட்டுக்கான வாடகைப் பத்திரம், பெயருக்கான விண்ணப்பம், சரக்கு இறங்கியதற்கான கையெழுத்து ஆகியவை அந்த வகை. இவற்றைப் போடச் சொல்லி எந்த அதிகாரியும் உங்கள் வாசலுக்கு வர மாட்டார்.

கொங்கு நாட்டுத் தொழில் சொந்தபந்தத்தின் மேல் வளர்ந்தது. பங்காளிகளும் மாமன் மச்சான்களும் சேர்ந்து போட்ட பனியன் கம்பெனிகள், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள், நாமக்கல் கோழிப் பண்ணைகள், கரூர் வீட்டுத் துணி நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் வாக்கு இருந்தது, வாக்கைக் காப்பாற்றிய மனிதர்கள் இருந்தார்கள். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நீங்கள் இருவரும் எதையும் எழுதாமல் விட்டால் உங்களுக்குள் ஒப்பந்தமே இல்லை என்றாகிவிடாது. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் தன் விதிகளை உங்கள் மேல் போட்டுவிடும். அந்த விதிகள் உங்கள் இருவருக்குமே பொருந்தாதவை.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால் லாபமும் நஷ்டமும் சமபங்கு என்கிறது சட்டத்தின் 13ஆவது பிரிவு. 12 லட்சம் போட்ட மச்சானுக்கும் 4 லட்சம் போட்ட உங்களுக்கும் ஒரே பங்கு. தொழிலை நடத்துவதற்காக எந்தப் பங்குதாரருக்கும் சம்பளம் கிடையாது என்கிறது அதே பிரிவு. ஆக, காலை முதல் இரவு வரை ஷெட்டில் நிற்கும் உங்களுக்கு அதற்கென ஒரு ரூபாயும் இல்லை. போட்ட முதலுக்கு வட்டியும் இல்லை. முதலுக்கு மேல் யாராவது கூடுதலாகத் தொழிலுக்குக் கடன் கொடுத்தால் அதற்கு மட்டும் ஆண்டுக்கு 6 சதவீதம். மச்சானுக்கு முதல் பங்கில் மனக்குறை, உங்களுக்கு உழைப்பில் மனக்குறை. எழுதுவதால் வரும் சங்கடம் ஒரு நாள் சாயங்காலத்தோடு போகும். எழுதாததால் வருவது பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் முகம் பார்க்காத அளவுக்குப் போகும்.

ஆகவே ஒப்பந்தத்தில் முதலில் பேச வேண்டியது உங்கள் சம்பளம். மாதம் இவ்வளவு என்று தொகையைப் போடுங்கள். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான், அதுவும் வருமான வரிச் சட்டத்தின் வரம்புக்குள்தான், அதைத் தொழிலின் செலவாகக் காட்ட முடியும். முதலுக்கு வட்டியும் அப்படியே. வரிக் கணக்கில் அதற்கு உச்சம் 12 சதவீதம். மச்சான் கூடுதலாகப் போட்டதற்கு நியாயம் செய்ய இந்த வட்டியே நல்ல வழி. சம்பளமும் வட்டியும் போக மீதியைச் சமமாகப் பிரித்துக்கொண்டால் இருவருக்கும் மனம் ஒப்பும். ஒன்றைக் கவனியுங்கள்: 2025 ஏப்ரல் 1 முதல், பங்குதாரருக்குத் தரும் சம்பளம், வட்டி முதலியவை ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரிப் பிடித்தம் செய்ய வேண்டும்.

அடுத்து, ஒருவர் இறந்தால் என்ன? யாரும் பேச விரும்பாத விஷயம், ஆனால் பேசியே ஆக வேண்டும். பங்குதாரர் இறந்தால் வாரிசைச் சேர்த்துக்கொண்டு தொழில் தொடரும் என்று பல ஒப்பந்தங்களில் எழுதுகிறார்கள். மூவர் இருக்கும் கூட்டில் அது நிற்கும். இருவர் மட்டும் உள்ள கூட்டில் ஒருவர் இறந்த உடனே கூட்டே முடிந்துவிடுகிறது, தனி ஒருவர் தன்னோடு தானே கூட்டு வைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் உங்கள் மனைவியை மூன்றாவது பங்குதாரராகச் சேர்க்கச் சொல்வேன். அவர் உங்களுக்கு மனைவி, மச்சானுக்குத் தங்கை. இரு பக்கத்துக்கும் நம்பிக்கையானவர். பேருக்குச் சேர்ப்பதாக நினைக்க வேண்டாம். கூட்டின் கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் தன் சொந்தச் சொத்து வரை பொறுப்பு என்பதால், அவரும் படித்துப் பார்த்து, புரிந்துகொண்டு கையெழுத்திட வேண்டும்.

பிரிவதைப் பற்றியும் சேரும்போதே எழுதுங்கள். ஒருவர் விலகினால் கணக்கை எந்தத் தேதியில் முடிப்பது, கிடங்கில் தேங்கிய சரக்குக்கு என்ன விலை, வசூலாகாத பாக்கி யார் தலையில், பணத்தை எத்தனை தவணையில் தருவது, பிராண்டுப் பெயர் யாருக்கு, இணையதள முகவரியும் சமூக ஊடகக் கணக்குகளும் யாரிடம் என்பவை எல்லாம் வர வேண்டும். விலகியவர் குறிப்பிட்ட காலம், குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலைச் செய்யக் கூடாது என்று நியாயமான அளவில் கட்டுப்பாடு வைக்கக் கூட்டாண்மைச் சட்டம் இடம் தருகிறது. விலகிய பிறகு பொது அறிவிப்பு கொடுக்கத் தவறினால், அவர் இன்னும் பங்குதாரர் என்று நம்பிச் சரக்குக் கொடுத்தவருக்கு அவரும் பொறுப்பாகிறார். விலகுபவர் தம் நலனுக்காகவே அந்த அறிவிப்பை வற்புறுத்த வேண்டும்.

தகராறு வந்தால் பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்ப்பது நம் பக்கத்து வழக்கம். நல்ல வழக்கம், அதை ஒப்பந்தத்திலேயே எழுதலாம். ஆனால் ஒரு நுட்பம் இருக்கிறது. மாமனாரையோ உங்கள் அப்பாவையோ நடுவர் என்று எழுதிவிட்டால், 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்புச் சட்டப்படி நெருங்கிய உறவினர் நடுவராக இருக்கத் தகுதியற்றவர். தகராறு எழுந்த பிறகு இருவரும் எழுத்தில் விட்டுக்கொடுத்தால்தான் அவர் அமர முடியும். சண்டை முற்றிய பிறகு யார் அப்படிக் கையெழுத்திடுவார்? ஆகவே இரண்டு படியாக எழுதுங்கள். முதலில் இன்ன இருவர் முன்னிலையில் சமரசப் பேச்சு. 30 நாளில் தீராவிட்டால் உறவில்லாத ஒரு நடுவர், இடம் திருப்பூர் அல்லது கோவை.

ஒப்பந்தம் எழுதி முத்திரைத்தாளில் கையெழுத்தாகிவிட்டால் வேலை முடிந்தது என்று பெரும்பாலோர் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். கூட்டைப் பதிவுத் துறையிடம் பதிவு செய்வது கட்டாயம் இல்லை என்று யாரோ சொல்லியிருப்பார்கள். கட்டாயம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கூட்டாண்மைச் சட்டத்தின் 69ஆவது பிரிவைப் படியுங்கள். பதிவு செய்யாத கூட்டு, ஒப்பந்தத்தின் பேரில் வெளியாள் மீது உரிமையியல் வழக்குப் போட முடியாது. காதர்பேட்டைப் பார்ட்டி எட்டு லட்சம் பாக்கி வைத்தால் நீங்கள் நீதிமன்றம் போக வழியில்லை. உங்களுக்கு நூல் கொடுத்தவரோ உங்கள் மேல் தாராளமாக வழக்குப் போடலாம். பங்குதாரரும் தன் கூட்டின் மீதோ மற்றப் பங்குதாரர் மீதோ ஒப்பந்த உரிமை கேட்டு வழக்குப் போட முடியாது. கூட்டைக் கலைக்கவும் கலைந்த கூட்டின் கணக்கைக் கேட்கவும் மட்டும்தான் வழி திறந்திருக்கிறது. வழக்குப் போட்ட பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தாலும் பயன் இல்லை. வழக்குத் தாக்கலாகும் நாளில் பதிவு இருக்க வேண்டும், வழக்குப் போடுபவர் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். பங்குதாரர் மாறும்போதெல்லாம் பதிவேட்டிலும் மாற்றுங்கள். செலவு மிகக் குறைவு. இதைச் செய்யாமல் விட்டு நியாயமான பாக்கியை இழந்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இனி, பிரைவேட் லிமிடெட். இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. கம்பெனி என்றால் விற்பனை இல்லாத ஆண்டிலும் தணிக்கை கட்டாயம். ஆண்டுக் கணக்கும் ஆண்டு அறிக்கையும் தாக்கல் செய்யத் தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு இல்லாமல் ஏறும். மூன்று ஆண்டு தொடர்ந்து தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர் தகுதியே போகும். கம்பெனி போட்டால் சொந்தச் சொத்துக்குப் பாதுகாப்பு என்பது பொதுவாகச் சரி. ஆனால் வங்கிக் கடன் வாங்கும்போது இயக்குநர்கள் தனிப்பட்ட உத்தரவாதக் கையெழுத்துப் போடுவீர்கள். அந்தக் கடனைப் பொறுத்தவரை பாதுகாப்பு அங்கேயே கரைந்துவிடுகிறது. வெளி முதலீட்டாளரை எடுக்கப் போகிறீர்கள், ஊழியருக்குப் பங்கு தரப் போகிறீர்கள் என்றால் கம்பெனிதான் சரி. இடைப்பட்ட வழி எல்எல்பி, அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை. பொறுப்பு வரையறுக்கப்பட்டது, விற்பனை 40 லட்சத்தையோ பங்களிப்பு 25 லட்சத்தையோ தாண்டினால்தான் அந்தச் சட்டப்படி தணிக்கை. ஆனால் ஆண்டுதோறும் இரண்டு படிவங்கள், தாமதத்துக்கு அபராதம் எல்லாம் உண்டு. பெரிய ஆர்டர்களைக் கடனுக்கு எடுக்கும் எண்ணம் இருந்தால் எல்எல்பியைப் பற்றி யோசியுங்கள். ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரம் பதிவு பெற்ற கூட்டுக்கும் கிடைக்கும். அதன் மூன்றாண்டு வருமான வரி விலக்கு மட்டும் கம்பெனிக்கும் எல்எல்பிக்கும்தான். சாதாரணமாகத் தைத்து விற்கும் தொழிலுக்கு அந்த விலக்கு எளிதில் கிடைக்காது. அதற்காக அமைப்பைத் தீர்மானிக்காதீர்கள்.

மாமனார் தரும் பணத்துக்கு வருகிறேன். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவது வருமான வரிச் சட்டப்படி கூடாது. அபராதம் வாங்கிய தொகைக்குச் சமம். 5 லட்சம் வாங்கினால் 5 லட்சம் அபராதம். திருப்பித் தருவதும் வங்கி வழியாகவே இருக்க வேண்டும். விவசாயி தந்த பணம்தானே, விலக்கு உண்டே என்று சிலர் சொல்வார்கள். அந்த விலக்கு, கொடுப்பவர் வாங்குபவர் இருவருக்கும் விவசாய வருமானம் இருந்து, இருவருக்குமே வரி விதிக்கத்தக்க வருமானம் இல்லாதபோதுதான். உங்களுக்குப் பொருந்தாது. மாமனார் தம் கணக்கிலிருந்து கூட்டின் கணக்குக்கு அனுப்பட்டும். ஒரு பக்கத்தில் கடன் ஒப்பந்தம் எழுதுங்கள்: வட்டி உண்டா, எப்போது திரும்பும், இது கடனா அன்பளிப்பா என்பது தெளிவாக. அன்பளிப்பு என்றால் யாருக்கு? மருமகனுக்கா, மகனுக்கா, தொழிலுக்கா?

வெளியில் வாங்கும் கடனில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பைனான்ஸ் வாங்கும்போது கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுச் செக்கும் வெற்றுப் புரோநோட்டும் கொடுப்பது நம் ஊர்களில் சகஜமாகிவிட்டது. கையெழுத்து உங்களுடையது என்றால், தொகையைப் பிறர் நிரப்பியிருந்தாலும் அது கடனுக்காகத் தரப்பட்டது என்றே சட்டம் முதலில் அனுமானிக்கும். 2019இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்களுடையது. தராதீர்கள்.

தோட்டத்து ஷெட் விஷயத்தில் மூன்று ஆபத்துகள். முதலாவது மின்சாரம். கிணற்று மோட்டாருக்கான இலவச விவசாய இணைப்பிலிருந்து ஷெட்டுக்கு ஒரு கம்பி இழுத்தால், 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவில் அது அனுமதியற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு கேட்பார்கள். மாமனாரின் இணைப்புக்கும் சிக்கல். தனி இணைப்பு வாங்கும் வரை இயந்திரத்தை இறக்காதீர்கள். இரண்டாவது நிலப் பயன்பாடு. விவசாய நிலத்தில் தொழில் கட்டடம் எழுப்ப நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதியும் ஊராட்சியின் அனுமதியும் தேவைப்படும். சுற்றிலும் எல்லாரும் போட்டிருக்கிறார்கள் என்பது நோட்டீஸ் வரும் நாளில் பதில் ஆகாது.

மூன்றாவது, மாமனாருக்குப் பின் அந்த நிலம். அது அவர் சம்பாதித்த சொத்தாக இருந்து, உயில் இல்லாமல் போனால், மாமியாரும் மச்சானும் உங்கள் மனைவியும் சமமான வாரிசுகள். பூர்வீகச் சொத்து என்றால் கணக்கு வேறு; ஆனால் தமிழ்நாட்டின் 1989ஆம் ஆண்டுத் திருத்தமும் நாடு முழுமைக்குமான 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் மகளுக்கும் பிறப்பால் பங்கு கொடுத்திருக்கின்றன. தொழில் பங்குத் தகராறும் நிலப் பாகப் பிரிவினையும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. கூட்டின் பெயருக்கு மாமனார் இன்று ஒரு வாடகைப் பத்திரம் எழுதித் தரட்டும். வாடகை சிறிய தொகையாகவே இருக்கட்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும், அதனால்தான் எல்லாரும் 11 மாதம் என்று எழுதுகிறார்கள். பல லட்சம் செலவழித்து ஷெட்டும் இயந்திரமும் போடுகிற உங்களுக்கு 11 மாதம் போதாது. ஐந்தாண்டுக்குப் பதிவு செய்யுங்கள்; கட்டிய ஷெட் யாருடையது, காலி செய்யும்போது இரும்பை எடுத்துப் போகலாமா என்பதும் அதில் இருக்கட்டும்.

பெயர். ஜிஎஸ்டியில் போட்ட வணிகப் பெயரும், பதிவுத் துறையில் போட்ட கூட்டின் பெயரும், இணையதள முகவரியும் உங்களுக்கு வணிகக்குறி (டிரேட்மார்க்) உரிமை தருவதில்லை. 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டப்படி விண்ணப்பிக்க வேண்டும். ஆடைக்கு 25ஆம் வகுப்பு. லேபிள் நெய்யக் கொடுப்பதற்கு முன்பே வணிகக்குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள், ஒலியில் ஒத்திருக்கும் பெயர்களையும் சேர்த்து. குறு, சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவுச் சான்றிதழ் இருந்தால் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், இல்லாவிட்டால் கூட்டுக்கு 9,000. பதிவானால் பத்தாண்டு, பிறகு புதுப்பிக்கலாம். விண்ணப்பித்ததும் டிஎம் என்று போடலாம். வட்டத்துக்குள் ஆர் போடுவது பதிவான பிறகுதான், முன்னதாகப் போட்டால் தண்டத் தொகை கட்ட நேரும். விண்ணப்பம் கூட்டின் பெயரில் இருக்க வேண்டும். ஒருவர் தன் தனிப் பெயரில் போட்டுக்கொள்வதிலிருந்துதான் பல சண்டைகள் தொடங்குகின்றன.

பிரிண்ட் போடுகிறவர் என்பதால் இன்னொன்று. வெளிநாட்டு பிராண்டுச் சின்னத்தையோ கார்ட்டூன் உருவத்தையோ போட்டுத் தரச் சொல்லி ஜாப் ஒர்க் (பிறர் சரக்கில் கூலிக்குச் செய்யும் வேலை) வரும். ஆர்டர் கொடுத்தவர் சொன்னார், நான் அச்சடித்தேன் என்பது உங்களைக் காப்பாற்றாது. போலி வணிகக்குறிக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. உரிமையாளரின் அனுமதிக் கடிதம் கேளுங்கள். கொடுக்கத் தயங்குகிற பார்ட்டியின் வேலை உங்களுக்கு வேண்டாம்.

இப்போது கடன் விற்பனை. தொழில் நிற்பதும் விழுவதும் இங்கேதான். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் உங்களுக்கு ஒரு பலமான ஆயுதம் தருகிறது. பெரும்பாலோர் அதை உறையிலிருந்து எடுப்பதே இல்லை. அந்தச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள், அதற்குள் வாங்கியவர் பணம் தர வேண்டும். 90 நாள் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருந்தாலும் சட்டம் 45 நாளைத்தான் ஏற்கும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. விகிதம் 6 சதவீதம் என்றால் வட்டி 18 சதவீதம். நாள் எப்போது தொடங்குகிறது என்பதில்தான் சூட்சுமம். சரக்கு இறங்கிய 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், இறங்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள். மூன்று மாதம் கழித்து, சாயம் போகிறது, அளவு குறைகிறது என்று டெபிட் நோட்டு போட்டு பாக்கியில் கழிக்கிற பழக்கத்துக்கு இதுவே பதில். அதற்கு உங்களிடம் தேதியும் முத்திரையும் போட்ட டெலிவரி சலான் இருக்க வேண்டும். டிரைவரிடம் சொல்லி வையுங்கள்: கையெழுத்து இல்லாமல் வண்டி திரும்பக் கூடாது.

பணம் வராவிட்டால், இந்தப் பாக்கிகளை விசாரிக்க அதே சட்டத்தின் கீழ் அமைந்த வசதியாக்கல் மன்றத்தில் இணையவழியில் மனு கொடுக்கலாம். பார்ட்டி கொல்கத்தாவில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும் உங்கள் ஊர் எந்த மன்றத்துக்கு உட்பட்டதோ அங்கேயே கேட்கலாம். தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும். ஆனாலும் மனு கொடுத்ததுமே பேச வருகிறவர்கள் உண்டு.

இதற்கு உத்யம் பதிவு வேண்டும், முதல் ஆர்டருக்கு முன்பே. சரக்கு கொடுத்த பிறகு பதிவு செய்தவருக்குப் பழைய பாக்கியில் பயன் இல்லை என்று 2021, 2022 தீர்ப்புகளில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025இல் வேறொரு அமர்வு மாறுபட்டுப் பேசி, பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அந்த விவாதத்தில் உங்கள் பாக்கி சிக்க வேண்டாம். பதிவின்போது உற்பத்தி என்று தேர்ந்தெடுங்கள். வியாபாரம் என்று தவறாகப் போட்டால் இந்தத் தாமதக் கட்டணப் பாதுகாப்பு கிடைக்காது. வியாபாரிகளுக்கு உத்யம் வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான். பதிவு முற்றிலும் இலவசம். அரசுத் தளம்போல் தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் தளங்கள் பல உண்டு, மாட்டிக்கொள்ளாதீர்கள்.

2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொரு விதியும் சேர்ந்தது. குறு, சிறு உற்பத்தியாளருக்கு அந்தக் கெடுவுக்குள் பணம் தராதவர், அந்தத் தொகையைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். மார்ச் மாதம் நெருங்கும்போது வசூலுக்கு இது உதவுகிறது. உத்யத்தை ரத்து செய்தால்தான் ஆர்டர் என்று சிலர் கேட்கிறார்கள். செய்யாதீர்கள், பணத்தை எப்போது தருவார்கள் என்பதை அவர்களே அப்போதே சொல்லிவிடுகிறார்கள்.

செக் திரும்பினால், வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் எழுத்து நோட்டீஸ். அவர் பெற்ற 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். தருகிறேன் தருகிறேன் என்று போனில் சொல்லும் வார்த்தைகளில் இந்தக் கெடு போய்விடுகிறது. சாதாரணப் பாக்கிக்குக் காலவரம்பு மூன்றாண்டு. ஒவ்வொரு மார்ச் 31இலும் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட கடிதம் வாங்கினால், காலம் கடப்பதற்குள் வாங்கியிருக்கும் வரை, மூன்றாண்டு புதிதாகத் தொடங்கும். வாட்ஸ்அப் செய்தியும் சாட்சியம்தான். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுச் சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். போனை மாற்றும்போது பழைய உரையாடல்களை அழித்துவிடாதீர்கள்.

ஜிஎஸ்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் கணக்காளர் பார்த்துக்கொள்வார். சரக்கு விற்பனைக்குத் தமிழ்நாட்டில் 40 லட்சம் வரை பதிவு வேண்டாம், ஜாப் ஒர்க் போன்ற சேவைக்கு 20 லட்சம் வரை. வெளி மாநிலத்துக்குச் சரக்கு விற்றால் இந்த வரம்பு இல்லை, முதல் விற்பனைக்கே பதிவு வேண்டும். நீங்கள் இணையத்திலும் விற்கப் போவதால் முதலிலேயே எடுத்துவிடுங்கள். விற்பனையில் சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் தொகுப்புத் திட்டத்தில் (காம்போசிஷன்) சேர்ந்தால் வெளி மாநிலத்துக்கு விற்க முடியாது. நிட்டிங், டையிங் என்று துணியை வெளியே அனுப்பும்போது சலான் போடுங்கள். ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால் அதை விற்றதாகக் கணக்கிட்டு வரி கேட்பார்கள்.

ஆட்கள். 10 பேர் ஆனால் இஎஸ்ஐ, 20 பேர் ஆனால் பிஎஃப். மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குபவருக்கு இஎஸ்ஐயில் நீங்கள் 3.25 சதவீதம், அவர் 0.75 சதவீதம். கான்ட்ராக்டர் மூலம் பீஸ் ரேட்டில் தைக்கிறார்கள், அவர்கள் என் ஆட்கள் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது; உங்கள் இடத்தில் உங்கள் வேலை செய்பவருக்கு முதன்மை முதலாளி நீங்கள்தான். இதைச் சுமையாக நினைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இயந்திரத்தில் ஒருவர் கை மாட்டினால் அந்தக் குடும்பத்துக்கும் உங்களுக்கும் சேர்த்தே அது பாதுகாப்பு. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவரானாலும் கம்பத்திலிருந்து வந்தவரானாலும் வயதுச் சான்றைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுங்கள், சம்பளத்தை வங்கியில் போடுங்கள். 10 பேர் வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான உள்ளகக் குழு கட்டாயம். தைக்கிறவர்களில் பெண்கள் அதிகம் உள்ள தொழிலில் அது பெயருக்கு இருக்கக் கூடாது. தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருப்பதால், தொழிற்சாலைப் பதிவுக்கான வரம்பை ஆள் எடுக்கும் சமயத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரிண்டிங்கில் கழுவும் தண்ணீர் வருமா என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள். வரும் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் நிறுவுவதற்கு ஓர் இசைவு, இயக்குவதற்கு இன்னோர் இசைவு. திருப்பூரில் இது வெறும் சடங்கு இல்லை. நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக் கழிவால் என்ன ஆயின என்பதை நம் விவசாயிகள் அனுபவித்திருக்கிறார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் எல்லாருக்கும் தெரியும். மாமனார் கிணற்றுக்குப் பக்கத்தில் அந்தத் தண்ணீரை விடுவதற்கு எந்த இசைவும் இருக்க முடியாது. கழுவல் தேவைப்படும் வேலையை இசைவு பெற்ற யூனிட்டுக்கு ஜாப் ஒர்க்காகக் கொடுத்துவிட்டு, நீங்கள் தையலோடும் கழுவல் தேவைப்படாத அச்சோடும் தொடங்கலாம்.

வரிசை இப்படி இருக்கட்டும். மூவரும் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதி, கூட்டின் பெயரில் பான் எண்ணும் கூட்டுப் பதிவும். கூடவே மாமனாரின் வாடகைப் பத்திரம், ஏனென்றால் ஜிஎஸ்டிக்கும் மின் இணைப்புக்கும் அதுதான் முகவரிச் சான்று. பிறகு வங்கிக் கணக்கு, மாமனாரின் பணம் அந்தக் கணக்கில். ஜிஎஸ்டி, உத்யம், உத்யச் சான்றை வைத்து வணிகக்குறி. மானியம், கடன் திட்டங்களுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்; சில திட்டங்களில் தொழில் தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்குமுன் போவது நல்லது. ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் எழுதக் கொடுக்கும்போது இணையத்தில் கிடைக்கும் மாதிரியை நிரப்பி எடுத்துப் போகாதீர்கள். சம்பளம், வட்டி, பிரிவு, பெயர், பாக்கி ஆகிய ஐந்திலும் நீங்களும் மச்சானும் உங்கள் மனைவியும் பேசி முடித்ததை உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு தாளில் எழுதி, மூவரும் கையெழுத்திட்டு எடுத்துப் போங்கள்.